ஆறாம் கட்டில்காரர்

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் பாதியில் ஒருவர் எழுந்து, "சும்மா ரீல் விடாதீங்க" என்பார். சொல்லிக்கொள்ளட்டும். இது நடந்தது என் கூடப் பிறந்த அக்காவுக்கு. அக்காவிடம் வயதைக் கேட்டால் பொய் சொல்வாள். நான் வாங்கிக் கொடுத்த கைப்பை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்வாள். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்காக ஊசி போட்ட கை அது. வேறு எதற்கும் நடுங்கி நான் பார்த்ததில்லை.

அக்கா நர்ஸ். முட்டி தேய்ந்துபோனதால் வார்டு வேலையை விட்டுவிட்டு, அதே ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அந்தப் பயிற்சிக்காக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தார்கள். திரையில் ஒரு வார்டு. எட்டுக் கட்டில், எட்டு நோயாளிகள். விளையாட உட்கார்ந்தால் நீங்கள்தான் டியூட்டி நர்ஸ். நோயாளி ஏதாவது சொல்வார். கீழே நான்கு பட்டன் வரும். எதை அழுத்துகிறீர்களோ அதற்கேற்ப அவர் நிலைமை மாறும். சரியானதை அழுத்தினால் மார்க். தப்பானதை அழுத்தினால் ஆள் செத்துப்போவார். கவலையில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

"நிஜ ஆளைக் கொன்னு பழகுறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பாள் அக்கா.

எட்டு நோயாளிகளும் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் எழுதியது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். எழுதியதை மாமாவிடம் கொடுத்து முனகிக் காட்டச் சொல்வாள். "நான் உண்மையிலேயே முனகினப்ப ஒரு மாத்திரை கொடுத்தியா நீ?" என்று கேட்டுக்கொண்டே மாமா முனகுவார்.

ஆறாம் கட்டிலில் இருப்பவர் கால் உடைந்த ஒரு பெரியவர். சிடுசிடுப்பான ஆள். அவருக்குக் குரல் கொடுத்தவருக்கு எழுபது வயது இருக்கும். ரேடியோ விளம்பரங்களுக்குப் பேசிப் பேசியே காலத்தை ஓட்டியவர். எல்லாரும் அவரைக் குரல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் எங்கோ தூரதேசத்தில். ஒலிப்பதிவு நடந்த அன்று அக்காவும் போயிருந்தாள். அவர் இருமிய இருமலைக் கேட்டுப் பதறிப்போய், "சார், நிஜமாவே உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்தார். "பேச்சுக்குத்தான்மா காசு. இருமல் இலவசம்."

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் கழித்து ஒரு வாரம். அக்காவின் மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிக் கிடந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அக்கா லீவு. வியாழக்கிழமை வேலைக்குப் போனாள். மறுநாள் பயிற்சிப் பெண்களுக்குத் தேர்வு. அவர்கள் எல்லாரும் மதியம் வார்டுக்குப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் அறையில் அக்கா மட்டும். தேர்வுக்கு முன் கேமை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ உரக்கச் சிரித்தார்கள். பயப்படுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. மணி இரண்டு நாற்பது.

முதல் ஐந்து கட்டில்களும் ஒழுங்காக ஓடின. ஆறாம் கட்டிலுக்கு வந்தாள். பெரியவர் வழக்கம்போலக் காலில் கட்டோடு படுத்திருந்தார். "இந்தக் கட்டை எப்பம்மா பிரிப்பீங்க?" என்பது அவருடைய முதல் வசனம். அன்று அதைச் சொல்லவில்லை.

"தரை சில்லுன்னு இருக்கு" என்றார்.

அக்கா அப்படி ஒரு வரி எழுதவே இல்லை. கட்டிலில் படுத்திருப்பவர் தரையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? கேம் செய்த புரோகிராமர் எதையோ மாற்றிவிட்டான் என்று நினைத்தாள். என் வசனத்தில் கை வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது? எரிச்சலோடு காத்திருந்தாள்.

"லைட்டைப் போடுங்களேன்..."

திரையில் வார்டு பட்டப்பகலாக இருந்தது.

கீழே நான்கு பட்டன்கள் வந்தன. காய்ச்சல் பார். தலையணையைச் சரிசெய். பேச்சுக் கொடு. அடுத்த கட்டிலுக்குப் போ.

அக்கா மறுபடி பார்த்தாள். 'டாக்டரைக் கூப்பிடு' என்று இந்த நான்குக்கும் கீழே தனியாக ஒரு பட்டன் எல்லாக் கட்டிலுக்கும் உண்டு. அது கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று சண்டை போட்டு வைக்கச் சொன்னவளே அவள்தான். அன்று அது இல்லை.

பேச்சுக் கொடு என்பதை அழுத்தினாள்.

"இடுப்புக்குக் கீழே அசைக்க முடியல... விழுந்தப்ப உள்ள மளுக்குன்னுச்சு."

குரல் அவருடையதுதான். ஆனால் ஒலிப்பதிவு அறையில் பேசிய குரல் மாதிரி இல்லை. பின்னால் ஒரு சத்தம் இருந்தது. ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம். உறுமியது... நின்றது... மறுபடி உறுமியது.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கேதான் அந்தப் புரோகிராமர் உட்காருவான். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் பயிற்சிப் பெண்கள் அவனுக்கு வைத்த பெயர் கண்ணாடி. "தம்பி, ஆறாம் கட்டில்ல என்ன பண்ணி வச்சிருக்கே?"

"நான் ஒண்ணும் தொடலையே மேடம்."

வந்தான். ஸ்பீக்கரைப் போட்டான். கேட்டான். அவன் முகம் மாறியது.

"மேடம்... இது நம்ம ஃபைலே இல்ல."

ஆறாம் கட்டிலுக்குப் பதிவு செய்த ஒலிகளை வரிசையாகத் திறந்து பார்த்தான். புதிதாக எதுவும் சேரவில்லை. எதுவும் மாறவில்லை. வெளியிலிருந்து எவனோ விளையாடுகிறான் என்று நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினான்.

"யாரும்மா அது?" என்றது ஸ்பீக்கர். "கூட யாரோ வந்திருக்காங்க போலிருக்கே..."



வெளியே ஆம்புலன்ஸ் மீது தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் மட்டும்.

"தம்பி" என்றாள் அக்கா. "அவருக்கு ஒரு போன் போடு."

கண்ணாடி தன் போனில் குரல்காரரின் எண்ணைத் தேடி எடுத்தான். போட்டான். காதில் வைத்தான். பிறகு காதிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினான். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே நேரம் ஸ்பீக்கரில்...

ட்ரிங்... ட்ரிங்...

திரையில் பெரியவர் தலையைத் திருப்பினார். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

"போன் அடிக்குது... எட்டல."

கண்ணாடி போனைக் கட் செய்தான். மணி நின்றது. மறுபடி போட்டான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. ட்ரிங்... ட்ரிங்...

"எட்டலம்மா..."

அக்கா போனைப் பிடுங்கி, ஒலிப்பதிவு செய்த இன்ஜினியரைக் கூப்பிட்டாள். குரல்காரர் வீடு அவருக்குத் தெரியும். ஒரே தெரு தள்ளித்தான் இருக்கிறார். என்ன ஏது என்று சொல்ல நேரமில்லை. "அவர் வீட்டுல விழுந்து கிடக்கிறார். ஓடுங்க. போனைக் கட் பண்ணாம ஓடுங்க" என்றாள்.

பிறகு காத்திருந்தார்கள்.

அக்கா சொல்வாள்: "எத்தனையோ பேர் என் கண்ணு முன்னாடி போயிருக்காங்க. ஆனா அப்பல்லாம் பிடிச்சுக்க ஒரு கை இருக்கும்." இங்கே நாடி பார்க்க மணிக்கட்டு இல்லை. தடவிக் கொடுக்க நெற்றி இல்லை. நான்கு பட்டன்கள்தான். டாக்டர் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் மவுஸை வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். வெறும் டிக்... டிக்... டிக்...

வேறு என்ன செய்வது?

காய்ச்சல் பார் என்பதை அழுத்தினாள்.

திரையில் தெர்மாமீட்டர் வந்தது. எண்பத்தொன்று டிகிரி.

எண்பத்தொன்று உயிரோடு இருக்கிற ஆளின் சூடு இல்லை. அது அறையின் சூடு. சுவரின் சூடு. நாற்காலியின் சூடு.

கண்ணாடிக்கு அது புரியவில்லை. "குறைவா இருக்கா மேடம்?" என்றான்.

அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சிஸ்டர்... போயிடாதீங்க" என்றது குரல்.

"போகல சார். இங்கதான் இருக்கேன்."

திரைக்கு எப்படிக் கேட்கும்? மைக்கே கிடையாது.

"சரிம்மா" என்றது.

கையில் இருந்த போனில் இன்ஜினியர் மூச்சு வாங்கினார். "மேடம், உள்ளே தாழ் போட்டிருக்கு. தட்டுறேன்."

டக். டக். டக்.

போனிலும் கேட்டது. ஸ்பீக்கரிலும் கேட்டது.

"வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார்..."

டக். டக். ஆள் கூடுகிற சத்தம். யாரோ தோளால் மோதுகிறார்கள். தடால்... தடால்...

மரம் பிளந்தது.

ஸ்பீக்கர் அடங்கியது.

ஃபிரிட்ஜ் உறுமல்கூட இல்லை.

திரையில் ஆறாம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு மடிப்புக் கலையாமல்...

கண்ணாடி பின்னால் நகர்ந்தான். நாற்காலி சாய்ந்து விழுந்தது. "மேடம்... காலிக் கட்டில்னு ஒண்ணு நான் வரையவே இல்ல மேடம்."

போனில் இன்ஜினியரின் குரல் வந்தது. ரொம்ப மெதுவாக.

"மேடம்... அவர் போய் ரொம்ப நேரம் ஆச்சு போலிருக்கு."

பிறகு தெரிந்ததெல்லாம் இன்ஜினியர் சொன்னது. திங்கட்கிழமை காலையில் படுக்கையறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. நகர முடியவில்லை. கத்தியிருப்பார். ஜன்னல் எல்லாம் மூடியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. போன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. செவ்வாய்க்கிழமையே அது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. புதன்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அக்கா அவரோடு பேசியது வியாழக்கிழமை மதியம்.

ஒரே ஒரு விஷயம்தான் டாக்டருக்கே புரியவில்லையாம். பச்சைத் தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் கிடந்தவரின் உதடு வெடித்திருக்கவில்லை. சட்டைக் காலர் நனைந்திருந்தது. அந்த அறையில் ஒரு டம்ளர்கூட இல்லை.

அடுத்த வாரம் கேமிலிருந்து ஆறாம் கட்டிலை எடுத்துவிட்டார்கள். அக்கா பயிற்சிப் பெண்களிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. "இனிமே ஏழு கட்டில்தான்" என்று மட்டும் சொன்னாள்.

"ஐயோ, ஏன் மேடம்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "அவர்தானே மேடம் நிஜம் மாதிரியே இருந்தார்."

"எதை வச்சுச் சொல்றே?"

"நீங்க லீவுல இருந்தப்ப புதுசா மாத்தியிருந்தீங்களே. டாக்டர் பட்டனையும் எடுத்துட்டு, கீழே விழுந்துட்டேன், யாராவது வாங்கன்னு... திங்கட்கிழமை எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எனக்கும் அதேதான் மேடம்" என்றாள் இன்னொருத்தி. "செவ்வாய்க்கிழமை தண்ணி மட்டும்தான் கேட்டார். நாங்க ஒவ்வொருத்தரா உட்கார்ந்தோம். தண்ணி கொடுன்னு ஒரு பட்டன் இருந்துச்சு, எல்லாரும் அழுத்திக் கொடுத்தோம். இன்னொரு மடக்கு, இன்னொரு மடக்குன்னு கேட்டுக் குடிச்சார்."

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கேம்தானே மேடம்..."

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு ஒருத்தி மட்டும் கதவோரம் நின்றாள். அதிகம் வாய் திறக்காத பெண். அவள் விரலை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"புதன்கிழமை கடைசியா நான்தான் மேடம் விளையாடினேன். அவர் தண்ணி கேட்கல. என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மான்னு கேட்டார். அப்படி ஒரு பட்டனே இல்ல. அதுக்குள்ள அஞ்சு மணி பெல் அடிச்சிடுச்சு. அடுத்த கட்டிலுக்குப் போன்னு அழுத்திட்டேன்."

போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்.

"அது தப்பான பட்டனா மேடம்?"