நன்றி சொல்ல மறுத்தேன்

கும்பகோணம் அருகே ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிற்சங்கக் கிளையின் செயற்குழுவிலும் இருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவை, மேஸ்திரியை எதிர்த்துப் பேசினாள் என்று நிர்வாகம் வேலையை விட்டு நிறுத்தியது. அவளுக்காக வேலைநிறுத்தம் செய்வதென்று செயற்குழு முடிவெடுத்தது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டியதுதான் பாக்கி.

பொதுக்குழுவில் சங்கத்தின் மாவட்டத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் கிளைச் செயலாளர், முதலாளி வீட்டு விசேஷங்களில் முதல் பந்தியில் உட்காருகிற ஆள். கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு தீர்மானத்தை அவசரமாக வாசித்தார். வேலைநிறுத்தம் கைவிடப்படுகிறதாம். நான் காதில் வாங்காமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.

“அக்கா, நீங்களுமா தட்டுறீங்க?” என்றாள் ஸ்டெல்லா. என் கை அப்படியே நின்றது.

“எல்லாரும் கை தட்டிட்டீங்க, ஏகமனதா நிறைவேறிடுச்சு” என்று சிரித்த செயலாளர், என்னிடம் மைக்கை நீட்டினார். “நன்றியுரை உங்களதுதானேம்மா, சட்டுனு சொல்லுங்க. சாப்பாடு ஆறுது.”

நன்றியுரை சொன்னால்தான் எங்கள் கூட்டம் முடிந்ததாக அர்த்தம்.

“சொல்ல மாட்டேங்க. கூட்டம் இன்னும் முடியல. தீர்மானத்தைத் திரும்பப் படிச்சு, கை தூக்கச் சொல்லுங்க” என்றேன்.

“சோத்து நேரத்துல வம்பு பண்ணாதீங்கம்மா.”

“சோறு போனது அவளுக்குத்தாங்க.”

மாவட்டத் தலைவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். இந்த முறை செயலாளரும் அவர் மச்சானும் மட்டுமே கை தூக்கினார்கள். பொதுக்குழு ஒப்புதலோடு வேலைநிறுத்த அறிவிப்பு ஆலைக்குப் போனதும் நிர்வாகம் ஸ்டெல்லாவைத் திரும்ப அழைத்தது.

இப்போதெல்லாம் தீர்மானம் முழுதாகக் காதில் விழும்வரை கைகளை மடியிலேயே வைத்திருக்கிறேன். நன்றியுரையை வேறு யாருக்காவது கொடுக்கச் செயலாளர் பார்க்கிறார். நான் விடுவதில்லை. அவர் பெயரை மட்டும் அதில் சொல்வதுமில்லை.