லீலாபாயும் டயருக்குள் இருந்த பாலும்

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் செல்வதாஸின் சைக்கிள் கடை இருக்கிறது. கடை அவர் பெயரில் இருந்தாலும் பாதி வேலையை அவர் மனைவி லீலாபாய்தான் பார்க்கிறாள். சக்கரத்தின் கோட்டம் எடுப்பாள், செயின் மாற்றுவாள், பஞ்சர் ஒட்டுவாள். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவள் கை நீளாது. மலைச் சைக்கிள்களின் டயருக்குள் ஊற்றுகிற வெள்ளைத் திரவம் இருக்கிறதே, அது இருக்கும் திசைக்கே போகமாட்டாள்.

சீலன்ட் என்பார்கள். டியூப் இல்லாத டயரில் முள் குத்தினால் அந்தத் திரவம் ஓட்டைக்குள் புகுந்து உறைந்து அடைத்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு வங்கிக்காரர்களும் ஆசிரியர்களும் தடித்த டயர் சைக்கிள்களோடு வர ஆரம்பித்ததும் செல்வதாஸ் அதை வரவழைத்தார். முதல் புட்டியின் மூடியைத் திறந்ததுமே லீலாபாய் எழுந்து சாலைக்குப் போய்விட்டாள். அது அமோனியா கலந்த ரப்பர் பால். அந்த வாடையை அவள் எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பாள்.

அவள் பிறந்தது குலசேகரம் பக்கம். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருடங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். முதலில் விரலிடுக்கில் தடிப்பு வந்தது. பிறகு மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது. மட்டி வாழைப்பழம் தின்றால்கூட வாய் அரிக்கிறது என்று சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். ஒருநாள் பால் வாளியைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது உதடு வீங்கியது. மூச்சு உள்ளே போகவில்லை. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாயிற்று.

"இவளுக்கு வேலை செய்ய மடியாக்கும்" என்றார் தோட்டத்து சூப்பர்வைசர்.

செல்வதாஸ் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. "நீ பயந்து பயந்து மூச்ச நீயே பிடிச்சு வைக்குத. ஒண்ணும் இல்ல, லீலா."

அவளும் பாதி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? வாளியைப் பார்த்தாலே நெஞ்சு அடைத்தது. பயத்தால் வருகிற மூச்சுமுட்டல் எது, பாலால் வருவது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். வருடக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. வெறும் பயம்தானோ என்று அவளே நினைக்கத் தொடங்கிய காலத்தில்தான் அந்தப் புட்டி வந்தது.

செல்வதாஸ் அந்த வேலை செய்வதைத் தூரத்தில் நின்று பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள். வால்டியூப் போட்ட பழைய சைக்கிள் வால்வில் பால் ஊற்றுகிற வேலையே கிடையாது. மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் உள்ளே இருக்கும் பின்னைச் சாவியால் திருகி எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாகவே பாலை ஊற்றலாம். பிரெஸ்டா என்கிற மெலிந்த வால்வில்தான் தொல்லை. அதன் உள்ளே இருக்கும் பின் ஒரு குச்சி மாதிரி இருக்கும். பால் அதைச் சுற்றி உறைந்து பிசினாகிவிட்டால் காற்று உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதைத் திருகுமுன் செல்வதாஸ் எப்போதும் சக்கரத்தைச் சுற்றி வால்வை மேலே கொண்டுவந்து வைப்பார். கீழே இருந்தால் பால் முழுவதும் வால்வுக்குள் வந்து நிற்கும்.

அன்று செல்வதாஸ் சாமான் எடுக்க நாகர்கோவில் போயிருந்தார். பள்ளி ஆசிரியை ரெனிஷா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெலிந்த வால்வு. முன்டயர் லேசாகத் தொய்ந்திருந்தது.

"அண்ணன் இல்லியாக்கா?"

"நாகர்கோவிலுக்குப் போயிருக்காவ. என்ன செய்யுது?"

"காத்து ஏற மாட்டேங்குது. பம்பு அப்பிடியே நிக்குது. நாளைக்கு லீவுல்லா, எல்லாரும் முட்டம் பீச்சுக்குப் போறோம்."

லீலாபாய் கணவருக்குப் போன் போட்டாள்.

"வால்வுல பால் ஒறஞ்சி அடச்சிருக்கும். உள்ள இருக்க பின்ன ஊரி எடுத்து, தொடச்சிட்டு மாட்டிக் குடு" என்றார் அவர். "புதுசா ஒண்ணும் ஊத்தாண்டாம்."

"எனக்கு வய்யாது."

"ஏட்டி, அதுல ரெண்டு சொட்டு ஒட்டிப்பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். ஒரு வட்டம் செஞ்சு பாரு. பயம் போவும்."

ரெனிஷா பக்கத்திலேயே நின்றாள். அவள் எதிரில் அதற்குமேல் பேச லீலாபாய்க்குக் கூச்சமாக இருந்தது. அலமாரியில் கையுறை இருந்தது, அதுவும் ரப்பர். இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டி ரப்பர்பேண்டு போடாமல் நூலால் கட்டிக்கொண்டாள். துண்டால் மூக்கை மூடினாள்.

குச்சியின் முனையை அழுத்திப் பார்த்தாள். 'உஸ்' என்ற சத்தம் வரவில்லை. உள்ளே காற்று இல்லை என்று எடுத்துக்கொண்டாள். சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும், அவள் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. சக்கரத்தைச் சுற்றி வால்வை மேலே கொண்டுவர மறந்துபோனாள். வால்வு தரைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, சின்ன ஸ்பேனரால் பின்னைத் திருகினாள்.

டயருக்குள் காற்று இருந்தது. பிசின் அதைத் தடுத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பின் கழன்றதும் பால் பீய்ச்சி அடித்தது. துண்டு விலகியது. கண்ணிலும் உதட்டிலும் கழுத்திலும் குளிர்ச்சியாக வழிந்தது.

லீலாபாய் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவிக் கழுவிப் பார்த்தாள். 'பயம்தான், பயம்தான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். காது மடல் சுட்டது. உள்ளங்கை அரித்தது. இதுவும் பயம்தான் என்று நினைத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்படிக் காத்திருந்ததுதான் பெரிய தவறு என்று பிறகு டாக்டர் சொன்னார்.

"அக்கா, ஒங்க கண்ணு வீங்குது" என்றாள் ரெனிஷா.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குரல் வேறு யாருடையதோ போலக் கரகரத்தது. தொண்டைக்குள் எதையோ திணித்தது மாதிரி இருந்தது. அடுத்த மூச்சு விசிலடித்துக்கொண்டு வந்தது. அதற்கடுத்தது பாதியில் நின்றது. அந்த நொடியில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, இது பயமில்லை.

ரெனிஷா சாலைக்கு ஓடி, எதிர்க்கடை வாசலில் ஆட்டோவோடு நின்ற முருகதாஸைக் கூப்பிட்டாள். இருவரும் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். தக்கலை போகிற வழியில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. லீலாபாய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். நிமிர்ந்தால் மூச்சு வரவில்லை. ஹாரன் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. நான் செத்துப்போகப் போகிறேன், முருகதாஸின் ஆட்டோவில் வைத்தே சாகப் போகிறேன் என்று நினைத்தாள்.

"எதுனால அக்கா இது? முன்னாடி வந்திருக்கா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெனிஷா கேட்டாள்.

"ரப்பர்... பால்." மூச்சை இழுத்தாள். "ஆவாது."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் வேகமாக வந்து கையுறையை இழுத்து மாட்டினாள். 'பட்' என்று ரப்பர் சத்தம் கேட்டது. அந்தக் கை தன் முகத்துக்கு நேராக வருவதை லீலாபாய் பார்த்தாள். சொல்லக் குரல் இல்லை. நர்ஸின் மணிக்கட்டைத் தட்டிவிட்டுச் சுவரோடு ஒண்டினாள். பயந்துபோய் அடம்பிடிக்கிறாள் என்று நினைத்த இன்னொரு ஊழியர் தோளைப் பிடித்து அமுக்கினார். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"சிஸ்டர், அந்தக் கையுறை ரப்பரா?" என்று ரெனிஷா கேட்டாள். "அவங்களுக்கு ரப்பர்தான் ஆகாது. வேற இருந்தா போடுங்க."

நர்ஸ் கையுறையைக் கழற்றித் தூர எறிந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். தொடையில் ஊசி போட்டார்கள். மருந்தின் வேகத்தில் உடம்பு முழுவதும் உதறியது, நெஞ்சு தறிகெட்டு அடித்தது. பிறகு மெல்லத் தொண்டை இளகியது. ஒரு முழு மூச்சு உள்ளே போனது. அவள் அதை வெளியே விடவே பயந்தாள்.

செல்வதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வார்டுக்குள் வந்தார்.

"ரப்பர் பால் அலர்ஜி" என்று பெண் டாக்டர் அவரிடம் சொன்னார். "இது பயத்துல வர்றது இல்ல. அடுத்த தடவ இதவிட வேகமா வரலாம்."

செல்வதாஸ் கட்டில் ஓரமாக நின்றார். "நானாக்கும் செய்யச் சொன்னேன்" என்றார். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னார். லீலாபாய் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தன்னை நம்பிவிட்டார்களே என்ற ஆறுதல் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பயம் என்றால் என்றாவது ஒருநாள் போய்விடும். இது போகாது.

கடையிலிருந்த புட்டிகளையெல்லாம் செல்வதாஸ் அப்புறப்படுத்திவிட்டார். இப்போது ரப்பர் பால் கலக்காத வேறொரு வகை வாங்குகிறார். பெரிய ஓட்டையை அது அவ்வளவு சரியாக அடைப்பதில்லை என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். வேறு இடத்தில் பால் ஊற்றிய சைக்கிள்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் கடைக்குப் பின்னால் தென்னை மரத்தடிக்குக் கொண்டுபோய் அவரே பிரிக்கிறார். கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஊசிமருந்தும் சிரிஞ்சும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. எப்படிப் போட வேண்டும் என்று இருவருக்கும் டாக்டர் காட்டிக்கொடுத்திருக்கிறார்.

லீலாபாய் கடைக்கு வராமல் இல்லை. சக்கரம் தொங்கவிட்டுக் கம்பி முறுக்கும்போது அவள் கை பழையபடி ஓடுகிறது. புதிய சைக்கிள் ஏதாவது வாசலில் வந்து நின்றால் மட்டும் உள்ளே இருந்தபடியே கேட்பாள்:

"டயருக்குள்ள பால் ஊத்தியிருக்கா?"

தெரியாது என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். தெரியாது என்றால் அவள் எழுந்து வருவதில்லை.

தண்ணீரில் முகம் கழுவ மாதக்கணக்கில் அவளால் முடியவில்லை. முகத்தில் தண்ணீர் வழிந்தவுடன் அன்று பால் வழிந்ததுதான் நினைவுக்கு வரும். நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொள்வாள். இப்போது தலைக்கே தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறாள். ஆனால் எவ்வளவு சோப்புத் தண்ணீர் இறங்கினாலும் கண்ணை மூடுவதில்லை.