உள்ளங்கைக் கம்ப்யூட்டருக்குப் பெட்டி கட்டிய கதை

உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் அட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, சுற்றிலும் ஒரு தகரப் பெட்டியைக் கட்டி விற்பது எங்கள் தொழில். அட்டை கெட்டு நான் பார்த்ததே இல்லை, நாங்கள் கட்டியதுதான் கெடும்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. நானும், என்னோடு கல்லூரியில் படித்த செல்வராஜும். அவன் கை வேலைக்காரன். பற்றவைப்பது, தகரம் மடிப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் அவன். புரோகிராம் எழுதுவதும், மில்களுக்குப் போய் வாய் நிறையப் பேசுவதும் நான். அட்டை ஓடுகிறது என்று காட்ட ஒரு மத்தியானம் போதும். அதையே யாரோ ஒருவர் அழுக்குக் கையோடு தொட்டுத் தினமும் புழங்குகிற சாமானாக ஆக்குவதற்கு இரண்டு வருடம் ஆகும். உங்களில் யாராவது இதே வேலையில் அடிபட்டிருந்தால், அந்த இரண்டு வருடம் எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

பஞ்சு

முதல் பெட்டி அவிநாசி ரோட்டில் ஒரு நூல் மில்லுக்கு. நூல் நூற்கிற ஃபிரேம் எத்தனை நேரம் ஓடியது, எத்தனை நேரம் நின்றது என்று கணக்கெடுத்து மேனேஜர் அறைக்கு அனுப்ப வேண்டும். அட்டை சூடாகும் என்று பயந்து, பெட்டியின் பக்கவாட்டில் சின்ன ஃபேன் ஒன்று வைத்தேன். எங்கள் அறையில் ஒரு மாதம் விடாமல் ஓட்டிப் பார்த்தோம். ஜில்லென்று இருந்தது. எங்கள் அறையில் பஞ்சு பறக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாட்டிய பன்னிரண்டாம் நாள் மில்லிலிருந்து போன். பெட்டியில் கருகல் வாடை வருகிறதாம். போய்ப் பார்த்தால், காற்றை இழுக்க வைத்த ஃபேன் அந்தக் கூடத்துப் பஞ்சையெல்லாம் இழுத்து உள்ளே அடைத்திருந்தது. மூடியைக் கழற்றியதும் பஞ்சு பொங்கி வெளியே வந்தது. அட்டை எங்கே இருக்கிறதென்று கையை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. பக்கத்தில் ஸ்பானரோடு நின்றிருந்த ஃபிட்டர் ஆறுமுகம் கொஞ்சங்கூடச் சிரிக்காமல் கேட்டார்: "ஏனுங்க, தலகாணி செய்யறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குங்க?"

யாரைத் திட்டுவது

லினக்ஸ் என்றால் என்னவென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சோமனூர்ப் பக்கம் ஒரு மில் முதலாளியிடம் அரைமணி நேரம் விளக்கினேன். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதியது, யாருக்கும் சொந்தமில்லை, இலவசம் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். காப்பியைக் குடித்து முடித்ததும் எழுந்து கும்பிட்டபடி சொன்னார்: "எல்லாருஞ் சேந்து செஞ்சதுன்னா, கெட்டுப்போனா நாங்க யாரைத் திட்டறதுங்க?"

வாழைத் தோட்டம்

மில்லை விட்டுவிட்டு விவசாயத்துக்குப் போகலாம் என்பது என் யோசனை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் முத்துச்சாமி அண்ணன் என்று ஒருவர், செல்வராஜின் தூரத்துச் சொந்தம். அவர் கிணற்று மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்தேன். கரண்ட் எப்போது வந்தது, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுத்தது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும், கரண்ட் வந்ததும் மோட்டாரையும் அதுவே போடும். பார்த்தால் ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கும். அண்ணன் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தார்.

ஆனால் தோட்டத்துக்கு வருகிற மும்முனைக் கரண்டுக்கு நேரம் காலம் கிடையாது. வரும், பத்து நிமிடத்தில் போகும், மறுபடி வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் என் பெட்டி முதலிலிருந்து எழ வேண்டும். சட்டென்று கரண்ட் போனதால் நினைவகத்தில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று ஒரு வரி விடாமல் சோதிக்கும். அதற்கே மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். அதன் பிறகுதான் மோட்டாரைத் தொடும். பக்கத்துத் தோட்டத்தில் சாதாரண ஆட்டோ ஸ்டார்ட்டர் கரண்ட் வந்த நொடியே மோட்டாரைப் போட்டுவிடும்.

அந்தக் கோடையில் அண்ணனின் வாழை ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்தது. தார் விட்ட மரங்கள். நான் போய் நின்றபோது இலைகள் ஓரம் பழுத்துத் தொங்கின. அவர் பெட்டியைத் தானே கழற்றித் துண்டில் சுற்றி, பத்திரமாக என் வண்டியில் வைத்தார். பிறகு சொன்னார்: "உங்க பொட்டி எந்திரிச்சு மூஞ்சி கழுவறதுக்குள்ள, பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாதி வாழைக்குத் தண்ணி கட்டிப்போடறானுங்க."

இரண்டு மில்லிமீட்டர்

மறுபடி மில்லுக்கே வந்தோம். ஒரு மில்லில் அறுபது பெட்டிக்கு ஆர்டர். தகரம் வெட்டி, மடித்து, துளை போட்டு, பெயிண்ட் அடித்து, அறுபதும் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. அட்டைகள் பார்சலில் வந்தன. அதே பெயர், அதே நம்பர், கடைசியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். அந்த ஓர் எழுத்துக்கு என்ன அர்த்தமென்றால், திருகு மாட்டுகிற துளை இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. பழைய அட்டையை இனிமேல் செய்ய மாட்டார்களாம்.

செல்வராஜ் ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். நிற்கிறதையும் ஓடுகிறதையும் எண்ணுவதற்கு ஒரு சின்ன சிப் போதும், அதற்கான அட்டையை நாமே செய்துகொள்ளலாம், யாரையும் நம்பி இருக்க வேண்டாம் என்று. நான்தான் கேட்கவில்லை. லினக்ஸ் இல்லாத பெட்டியைச் செய்ய எனக்கு மனசே வரவில்லை. அன்றைக்கு அவன் உருண்டை அரத்தை எடுத்து உட்கார்ந்தான். அறுபது பெட்டி, ஒவ்வொன்றிலும் நான்கு துளை. நான்கு நாள் ராவினான். கையெல்லாம் கொப்புளம்.

கடைசிப் பெட்டியை அடுக்கிவிட்டு, ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னான். நான் சமாதானம் பேசினேன். அடுத்த முறை நீ சொல்கிறபடியே செய்யலாம் என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுச் சரிக்கட்டியிருப்பேன். கோபமே இல்லை. கையில் துணி சுற்றிக்கொண்டே சொன்னான்: "உனக்குப் பொட்டி செய்யோணும்னு ஆசை இல்லடா, அந்த அட்டையோட வெளையாடோணும், அதுக்கு ஊர்ல இருக்கற மில்லுக்காரங்களையெல்லாம் சேத்துக்கிட்ட, என்னையுஞ் சேத்துக்கிட்ட."

ஏழாம் நம்பர் ஃபிரேம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அந்த அறுபதில், கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடுவதற்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதைப் பெட்டிக்குள் சூடாகிற டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். செல்வராஜ் இருந்திருந்தால் தடுத்திருப்பான். சூட்டில் சில பேட்டரிகள் சீக்கிரமே செத்தன. செத்த பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் 1980 என்று தேதி காட்டியது. பேட்டரியை இடம் மாற்ற வேண்டுமென்றால் எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, ஏழெட்டு வரி புரோகிராம் எழுதினேன். மணியை அடிக்கடி நினைவகத்தில் குறித்துக்கொள், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர் என்று. 1980 போய்விட்டது. ஆனால் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடிகாரத்தில் இல்லாமலே போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது.

பெட்டிகள் மேனேஜருக்கு அனுப்புகிற சீட்டில் ஷிஃப்ட் வாரியாகத்தான் கணக்கு வரும், மணி வராது. ஏழாம் நம்பர் ஃபிரேம் பகல் ஷிஃப்டில் தினமும் மூன்று மணி நேரம் சும்மா நிற்பதாகச் சீட்டு காட்டியது. அந்த ஷிஃப்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது சரஸ்வதி என்ற பெண். தான் நிறுத்தவே இல்லை என்று அவள் சொன்னாள். அவள் தூங்கியிருப்பாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனேன். ஏழாம் நம்பர் பெட்டியில் மணியைப் பார்த்தேன், என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பெட்டி நான்கு மணி நேரம் பின்னால் இருந்தது. ஃபிரேம் நின்றது நிஜம்தான். ஆனால் நின்றது சாயங்கால ஷிஃப்டில், ஆள் பற்றாக்குறையால்; பின்தங்கிய பெட்டி அதைப் பகல் ஷிஃப்டில் எழுதியிருக்கிறது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் சீட்டைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். வேண்டுமானால் அந்தப் பெண்ணைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றார். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னதை இப்போது எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்வீர்களா என்று கேட்டேன். போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

விலாசம் கேட்டு அவிநாசிக்குப் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. சரஸ்வதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகிறாளாம், மில்லில் வாங்கியதில் பாதிச் சம்பளம். "வாங்க, உள்ள வாங்க" என்றாள். நான் யாரென்று சொன்னேன். பெட்டி, பேட்டரி, கடிகாரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி மில்லுக்கு வரலாமாம் என்றேன்.

"தூங்குனவளுன்னு பேரு வாங்கிப்போட்டு அங்க எப்படீங்க போறது?" என்றாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது, அவளும் கூடவே வந்து, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்: "மொதல்ல என்னையக் கேட்டாங்க, அப்பறம் உங்க பொட்டியக் கேட்டாங்க, பொட்டியக் கேட்டதுக்கப்பறம் என்னைய யாரும் கேக்கலீங்க."

இப்போது நான் கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். அது ஓடினால் சத்தம் வரும், நின்றால் சத்தம் நிற்கும், அதற்கு மேல் அது யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.