ஒரு வாரம் வைத்திருந்த முட்டை

விருந்துக்கூடச் சமையலறையில் எல்லோருக்கும் அவள் முட்டையக்காதான். புது முட்டையை அவித்தால் ஓடு ஒழுங்காக உரியாது என்று எப்போதும் ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பாள். இந்த முறையும் அந்தப் புண்ணியவான் மேனேஜர் ஒரு பார்ட்டி இருக்கிறது என்று மறக்காமல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த வெள்ளைக்கருவுக்குள், மசித்த மஞ்சள்கருவை நிரப்பும்போதுதான், உள்ளே வந்த அவரிடம் கேட்டாள்.

"யாருக்கு சார் பார்ட்டி?"

"உங்களுக்குத்தான்க்கா, சென்ட்-ஆஃப். நாளையிலேருந்து எல்லாமே சமைச்சே பாக்கெட்ல வந்துடும்."

அப்படியானால் போன வாரமே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பழகிய கை நிற்கவில்லை. நூறு முட்டையையும் நிரப்பி அனுப்பினாள்.

கூடத்தில் கைதட்டல் கேட்டது. கறை போகாத கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே போனாள். மேனேஜர் எதிரே வந்து காலித் தட்டை நீட்டினார்.

"உங்களைப் பத்திப் பேசி முடிச்சாச்சுக்கா. முட்டைதான் பத்தல."