ஓல்டானுக்கு எத்தனை அர்த்தம்?

போன ஞாயிறு ஜெயங்கொண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் — "ஓல்டான்."

பயப்படாதீர்கள். அது என் அத்தான். அரியலூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு வார்த்தை. 'ஹோல்ட் ஆன்' என்று வெள்ளைக்காரன் சொன்னதை நம் கண்டக்டர்கள் மென்று மென்று ஓல்டான் ஆக்கி வைத்திருக்கிறார்களே... அதுதான்.

பஸ்ஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து. வீட்டில்? தண்ணீர் வேண்டுமென்றாலும் ஓல்டான். சோறு போதும், ஃபேனைக் குறை, என்னைத் திருப்பிப் படுக்க வை... எல்லாமே ஓல்டான்.

"உனக்கு எப்படிக்கா புரியுது?" என்று கேட்டேன்.

"எல்லா ஓல்டானும் ஒண்ணு மாதிரியா இருக்கு? காது குடுத்துக் கேளுடா," என்றாள்.

ஆனால் அன்றைய ஓல்டானுக்கு யாரும் காது கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகள் பிரியா நர்சிங் முடித்தவள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அன்றைக்குக் கிளம்ப வேண்டும். பையெல்லாம் கட்டியாகிவிட்டது. அத்தான் காலையிலிருந்து அவள் துப்பட்டாவை இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"நான் போகல மாமா," என்றாள் பிரியா என்னிடம். "அப்பா ரைட்டு குடுக்காம நான் எப்படி பஸ் ஏறுறது?"

"நாளைக்கிச் சேரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்கடி," என்றாள் அக்கா. "ஒன்ன நர்சாக்கணும்னு ஆசப்பட்டதே அவருதான?"

அத்தானுக்கு எல்லாம் புரிந்தது. ரைட் சொல்லத்தான் பார்த்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, வந்ததென்னவோ ஓல்டான்தான். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆயுசு முழுக்க ஊரையே ரைட் சொல்லி அனுப்பிய மனிதர் அவர்.

ரோட்டில் பிரியா ஏற வேண்டிய விருத்தாசலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

விசில் கைவசம் இல்லாவிட்டால் கண்டக்டர்கள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டு — நில். இரண்டு தட்டு — போ.

அத்தானுக்கு வேலை செய்வது ஒரே கை. தட்ட வேண்டுமென்றால் பிடித்திருப்பதை விட வேண்டும்.

விட்டார்.

கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. பிரியா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கேட்டது. ஓல்டான்... ஓல்டான்... நிற்கவேயில்லை. அக்கா தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், ஃபேனைக் குறைத்துப் பார்த்தாள், திருப்பிப் படுக்க வைத்தும் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்து, அவர் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, புரியலயா?" என்றேன்.

"புரியாம என்னடா," என்றாள். "பஸ்ஸு இந்நேரம் ஆண்டிமடம் தாண்டியிருக்கும்."