பந்தியில் தேறிய லென்ஸ்

வேடசந்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பழனிக்குமார் பதினேழு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். அப்பேர்ப்பட்ட மனிதரால் சொந்த மனைவியை உருப்படியாக ஒரு படம் எடுக்க முடியவில்லை. முத்துப்பேச்சி நூற்பாலை மகளிர் கபடி அணியில் ரெய்டு போகிறவள். ஷிப்ட் முடிந்து, பொழுது சாய்ந்த பிறகு, நாலு கம்பத்து விளக்கில்தான் ஆட்டம். ஃபிளாஷ் அடித்தால் கண் கூசுகிறதென்று நடுவர் விரட்டுவார். மூன்று வருடப் போட்டியிலும் அவள் வெறும் புகையாகத்தான் பதிந்திருந்தாள்.

“ஊரான் வீட்டுப் பொண்ணுகள அம்புட்டு அழகா எடுக்குறீங்க. என்னைய மட்டும் ஏங்க ஆவி கணக்கா எடுக்குறீங்க?” என்று அவள் கேட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முட்டிவலி காரணமாக இதுதான் அவளுக்குக் கடைசிப் போட்டி. இதிலும் விட்டால் அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து இரண்டு லென்ஸை வாடகைக்குக் கொண்டுவந்தார். ஒன்று முழங்கையைவிட நீளம். அந்தக் கோடியில் நிற்பவளின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். ஆனால் வாய் குறுகல், வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். இன்னொன்று குட்டை. வாயை அகலத் திறந்து வெளிச்சத்தை மொத்தமாக விழுங்கும். ஷட்டரை வேகமாக வைக்கலாம், ஓடுகிற ஆளும் கலங்காமல் பதியும். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் நீளமானதற்கே ஓட்டுப் போட்டார்கள். ஒன்றும் தெரியாதவர்களுக்கு நீளம்தானே பெருமை.

சோதித்துப் பார்க்க, மங்கிய வெளிச்சமும் தலைதெறிக்கிற ஓட்டமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் வேண்டும். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை விட்டால் வேறு ஏது? முதல் பந்திக்குக் கதவு திறந்ததும் ஆரம்பித்தார். நீள லென்ஸில் சாம்பார் வாளிக்காரருக்கு மூன்று கை. குட்டை லென்ஸிலோ இலைக்கு இறங்கும் சாம்பார் அந்தரத்தில் நின்றது. பக்கத்து இலை வடையைத் தொடும் தாய்மாமனின் விரல் துல்லியமாக விழுந்திருந்தது. குட்டையே தேறியது. அந்தப் படத்தை ஆல்பத்தில் சேர்ப்பதா என்பதில்தான் குழப்பம்.

இறுதிப் போட்டியில் புள்ளிகள் சமம். கடைசி ரெய்டுக்கு முத்துப்பேச்சி மூச்சு விடாமல் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு போனாள். லென்ஸுக்குள் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. வியர்வை, பறக்கும் முடி, கண்ணில் ஆவேசம். பழனிக்குமாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்தப் பூரிப்பில், பதினேழு வருடத் தொழில் வாயிலிருந்து தானாகக் கிளம்பிவிட்டது.

“இங்க பாருங்க, லேசா சிரிங்க.”

முத்துப்பேச்சி பார்த்தாள். சிரித்தாள். சிரித்ததில் பாட்டு நின்றுவிட்டது, அவுட். கோப்பை போயிற்று. அவள் காலைப் பிடிக்கக் குனிந்த எதிரணிப் பெண்கள் மூவரும் அப்படியே தலையை நிமிர்த்தி, முடியை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார்கள். நடுவர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, படத்துக்குள் வருகிற மாதிரி நகர்ந்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் முத்துப்பேச்சி கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பழனிக்குமார் திட்டு வாங்கத் தயாராகச் சுவரோரம் நின்றார்.

“படம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா இப்புடி நிக்க வச்சு எடுக்க நம்ம பழைய லென்சே போதுமேங்க.”