பாறை இடுக்கில் ஒரு க்ளோஸப்

ஜன்னல்களில் அறைந்திருந்த கறுப்புத் துணி வெயிலில் சூடேறிக் கிளப்பும் சாய வாசனைதான், பிளஸ் டூ என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. செஞ்சியில் நான் படித்த பள்ளியில் அந்த வருஷங்களில் சினிமாவும் ஒரு பாடமாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மற்றவர்கள் இயற்பியல் சூத்திரங்களை உருப்போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் கொஞ்சம் பேர் அந்த இருட்டறையில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்த்து, முகத்தையும் கைகளையும் மட்டும் வைத்து என்ன நடக்கிறது என்று எழுதுவோம். "வாயால சொல்றத விட்டுடுங்க, பேச்சே இல்லாம எனக்குப் புரிய வைங்க" என்பார் எங்கள் மிஸ்.

சிங்கவரத்தில் 'மல்லாட்டை', அதாவது நிலக்கடலை பயிரிடும் என் நைனாவுக்கு இது 'கூத்துப் பாடம்'. டீக்கடையில் யாராவது கேலி பேசிவிட்டால் அன்று வீட்டில் சோறு இறங்காது. "பரீட்ச முடியட்டும்னுதான் பொறுத்துக்கினு இருக்கேன். நீ அங்க ஆடற, இங்க நடிக்கறன்னு எவனாவது வந்து சொன்னான், அன்னியோட பள்ளிக்கூடம் கட்" என்று அம்மாவிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். நானும் கடைவீதித் தையற்காரர் மகள் நஸ்ரீனும் ஒரு குழு. கல்யாணத்துக்குப் பயந்து, படிக்கிற பெண்ணொருத்தி பாறைகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். ஒரு வார்த்தை பேச்சில்லை. இதுதான் நஸ்ரீன் எழுதிய கதை. நான் நடிக்க, அவள் எடுக்க வேண்டும். கோட்டைக்குள் படம்பிடிக்க அனுமதி வேண்டும் என்பதால், எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு அப்பால் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் குன்றைப் பிடித்தோம். பள்ளியின் ஒரே கேமரா அன்று ஒருநாள் மட்டும் எங்கள் கையில்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் நான் பின்பக்கமிருந்து வயிற்றால் ஊர்ந்து நுழைந்து, தலையை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் படுத்தேன். எங்கோ பம்புசெட் ஓடுவதுபோல ஒரு 'ங்ஙொய்' கேட்டது, கவனிக்கவில்லை. எதிர்ப் பாறையில் கேமராவை நிறுத்திய நஸ்ரீன் என் முகத்தை க்ளோஸப்புக்கு இழுத்திருக்கிறாள். அப்போதுதான் என் தலைக்கு மேலே பாறையின் கறுப்பு நிழல் அலைபோல ஒரு முறை சிலிர்த்து அடங்கியதைக் கண்டிருக்கிறாள். வெறும் கண்ணுக்கு அது நிழல்தான். கேமராவில் அது மலைத்தேனீக் கூடு.

கையை இறக்கினால் நடிப்பைத் தொடங்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவளோ உள்ளங்கையை என் பக்கம் விரித்து அப்படியே நிறுத்தினாள். உதட்டில் விரல். பிறகு ஒரு விரல் மேலே. பிறகு இரண்டு கைகளின் விரல்களும் சிறகுபோலப் படபடத்தன. கடைசியாக, தரையைத் தடவுவதுபோல உள்ளங்கையை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துக் காட்டினாள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினேன். கை நீட்டினால் தொடலாம்.

பின்னால் ஊர்ந்து வெளியேறுவதைத் தவிர வழியில்லை. முழங்கையை ஊன்றி ஒரு சாண் நகர்ந்திருப்பேன், கீழே மொபெட் சத்தம் கேட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? நைனா.

அடுத்து நடந்ததை நஸ்ரீன்தான் பின்னால் சொன்னாள். கேமராவை ஓடவிட்டபடி அவள் சரிவில் விழுந்தடித்து ஓடி, அவர் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றிருக்கிறாள். "எங்கடீ அவ? நடிக்கறாளா?" என்று குரலை எடுக்கப் போனவரிடம், "அப்பா, உங்க கால்ல விழறேன், சத்தம் போடாதீங்க. மேல தேன்கூடு இருக்குது" என்று கிசுகிசுத்து வண்டியை அணைக்க வைத்திருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது பாறையும் நிழலும்தான் தெரிந்தன. நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கேமராவின் சின்னத் திரையைக் காட்டினாள். அதில் என் முகம் இருந்தது.

அங்கே எனக்குக் கீழே ஒரு கூழாங்கல் உருண்டது. கூடு முழுக்கச் சிலிர்த்தது. எதிரே நைனாவின் பக்கத்தில் நின்று நஸ்ரீன் மறுபடி உள்ளங்கையை விரித்து நிறுத்தினாள். நான் கல்லாகிவிட்டேன். ஒரு தேனீ வந்து என் கன்னத்தில் உட்கார்ந்து, கண்ணை நோக்கி ஏறத் தொடங்கியது. இமைக்கக்கூடாது, மூச்சு விடக்கூடாது, அழக்கூடாது. அது கண்ணுக்குக் கீழே நின்று யோசித்ததுபோலிருந்தது. பிறகு பறந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, கால் விரல்களில் காற்றுப் பட்டதும்தான் வெளியே வந்துவிட்டேன் என்று புரிந்தது.

பாறைக்குப் பின்பக்கமாகச் சுற்றி நான் இறங்கிவந்தபோது நைனாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடி விழும் என்று நினைத்தேன். என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "கொட்டலியே?" என்றார், அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பாமல் வரப்பு முடியும்வரை தள்ளிக்கொண்டே வந்தார். தார் ரோட்டுக்கு வந்த பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தக் கை சைகையெல்லாம் அங்க சொல்லித் தந்ததா?"

"ஆமா நைனா."

மறுநாள் காலை அவரே என்னைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். "எடுத்தத முடிச்சிடு" என்றார்.

நஸ்ரீன்தான் படத்தைத் தொகுத்தாள். அன்று ஓடிக்கொண்டிருந்த கேமராவில் பதிந்த அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அறையைவிட்டு வெளியே போய்விடுவேன். தேர்வன்றும் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்து முடித்த தேர்வாளர், "நல்லா இருக்குது. ஆனா அந்தப் பொண்ணு முகத்துல இன்னும் கொஞ்சம் பயம் காட்டியிருக்கலாம்" என்றார். மேசைக்கு அடியில் நஸ்ரீன் என் விரல்களை நெரித்த நெரிப்பில் எனக்கு வலித்தது. நல்ல மதிப்பெண்ணே வந்தது.

இப்போது நான் சென்னையில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொகுக்கிறேன். ஆள் சேரவில்லை என்று அந்தப் பாடத்தையே பள்ளி எடுத்துவிட்டது. அறையில் நீட் வகுப்பு நடக்கிறதாம். பழைய கணினிகளோடு எங்கள் படமும் போயிற்று. நஸ்ரீனிடமும் பிரதி இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நைனா திடீரென்று, "அந்தப் படத்த இன்னொரு வாட்டி பாக்க முடியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நானே அந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன்.

"நீ பாக்கவே இல்லியா?" என்று ஆச்சரியப்பட்டார். "ஒரு ஈ வந்து இங்க குந்திச்சு" என்று தன் கன்னத்தில் விரலை வைத்து, அது போன வழியைக் காட்டிக்கொண்டே வந்தார். கண்ணுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது.